காகிதத்தில் உபரி, சம்பளத்துக்குத் துண்டு

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். என் மகள் படிக்கும் சார்ட்டர் பள்ளியின் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி) போர்டில் ஆகஸ்டில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவள் நான், பள்ளிக் கணக்கு பழக்கமில்லை. போன வருஷம் 270 பிள்ளைகள், இந்த வருஷம் 320. ஆண்டுச் செலவு 36.5 லட்சம் டாலர். பிள்ளைக்கு 11,000 டாலர் அரசுப் பணம், 95 சதவீத வருகை என்று வைத்து, மற்ற வரவுகளையும் சேர்த்துப் போட்ட பட்ஜெட் 90,000 டாலர் உபரி காட்டுகிறது. ஆனால் அக்டோபர் சம்பளத்துக்கே பணம் போதாது என்கிறார் ஆபீஸ் மேனேஜர். யாராவது கை வைத்துவிட்டார்களோ என்று தூக்கம் வரவில்லை. விலகிவிடட்டுமா?

பதில்: விலகாதீர்கள் அம்மா. இப்போதுதான் நீங்கள் அங்கே தேவை. கை வைத்தார்களா என்பதைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் உள்ள 270, 320 என்ற இரண்டு எண்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகின்றன.

ஜூலையிலிருந்து மாநில அரசு அனுப்பும் தவணைகள் போன வருஷப் பிள்ளைகளின் கணக்கை வைத்து வருபவை. அதிலும் ஜூலை, ஆகஸ்டில் மாதத்துக்கு ஆண்டுத் தொகையில் 5 சதவீதம்தான், செப்டம்பரிலிருந்து 9. இந்த வருஷ வருகையை டிசம்பர் வரை எண்ணி நீங்கள் அனுப்பும் பி-1 அறிக்கை பிப்ரவரி 20 வாக்கில் உறுதியான பிறகுதான் தொகை திருத்தப்படும். அதாவது, கூடுதலாகச் சேர்ந்த 50 பிள்ளைகளுக்கு வரவேண்டிய சுமார் 5 லட்சம் டாலரில் ஒரு காசுகூட இன்னும் வந்திருக்காது. அவர்களுக்காக எடுத்த டீச்சர்களுக்கோ ஆகஸ்டிலிருந்தே சம்பளம் போகிறது. நன்றாக வளரும் பள்ளிதான் இலையுதிர் காலத்தில் மூச்சுத் திணறும். புதிய வகுப்பு நிலை ஒன்றைச் சேர்த்து விரிவடையும் பள்ளிக்குத் தனி முன்பணம் உண்டு, அதற்கு ஜூலையிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது அந்த 95 சதவீதம். பதிவேட்டில் எத்தனை பேர் என்பதற்குப் பணம் இல்லை, சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குத்தான். காய்ச்சல் என்று சீட்டுக் கொடுத்து லீவு போட்டாலும் அந்த நாளுக்குக் காசு கிடையாது. வருகை 92 சதவீதமாக இறங்கினால் 304 என்பது 294 ஆகிவிடும். ஒரு லட்சம் டாலருக்கு மேல் போச்சு, உங்கள் உபரி முழுக்க அதில் கரைந்துவிடும். பள்ளி மாவட்டங்கள் நடத்தும் வழக்கமான அரசுப் பள்ளிகள் முந்தைய வருஷங்களின் வருகையைக் காட்டிச் சமாளிக்கலாம், சார்ட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. ஏப்ரல் நடுப்பகுதி வரை எண்ணும் பி-2 கணக்குதான் இறுதியாக நிற்கும். அதனால் மாதா மாதம் வருகை சதவீதத்தை உங்கள் அறிக்கையின் முதல் வரியில் போடுங்கள். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகும் நம் குடும்பங்களிடமும் சொல்லுங்கள்: பள்ளியில் தனிப்படிப்பு ஒப்பந்தம் (பிள்ளை வெளியே இருந்தபடி பாடம் செய்தாலும் வருகையாக எண்ணும் ஏற்பாடு) இருந்தால், புறப்படும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்.

இனி செய்ய வேண்டியது. ஜூலை முதல் ஜூன் வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் கையில் எவ்வளவு இருக்கும் என்று எழுதுங்கள். கம்பெனியில் நீங்கள் தினமும் பார்க்கும் வேலைதான், புதிதல்ல. உங்கள் பள்ளிக்கு ஒரு நாள் செலவு 10,000 டாலர். 60 நாள் செலவுக்குக் கையில் பணம் இருந்தால் நல்ல நிலை என்பது இந்தத் துறையின் அளவுகோல். அப்படியானால் 6 லட்சம். இந்த வருஷம் அதை எட்ட முடியாது, சரி. ஆனால் எந்த மாதம் கட்டம் சிவப்பாகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், கட்டட உரிமையாளரிடம் வாடகைக்குத் தவணை கேட்கலாம், பேங்கில் கடன் வரம்பு வாங்கலாம்.

பிப்ரவரியில் வரப்போகும் அரசுப் பணத்தை இப்போதே தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள் உங்களைத் தேடி வரும். நான் கணக்குப் பார்த்த ஒரு பள்ளியில் ஒரு அக்டோபரில் அதற்குக் கையெழுத்துப் போட்டோம். அடுத்த அக்டோபரில் மறுபடி போட்டோம். முதல் வருஷக் கட்டணம் விழுங்கியதுதான் இரண்டாம் வருஷத்துப் பள்ளம். இன்றும் அந்தக் கையெழுத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. அரைநாள் இசை டீச்சரை நிறுத்தித்தான் அதிலிருந்து வெளியே வந்தோம். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் அங்கே போங்கள், போனால் ஒரே தடவை என்று போர்டில் எழுதி வையுங்கள்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. டீச்சர்களின் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் வைத்துச் சமாளிப்பது. அது பள்ளியின் பணம் அல்ல. பொறுப்பில் இருந்து தெரிந்தே விட்டவர்களிடம் சொந்தப் பணத்திலிருந்து வசூலிக்க மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அதிகாரம் உண்டு.

அப்புறம், உங்கள் பயம். பேங்க் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, மூன்று மாத ஸ்டேட்மென்ட்டைப் பேரேட்டோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். சின்னப் பள்ளிகளில் தபாலைப் பிரிப்பவரும், செக் எழுதுபவரும், கணக்கை ஒப்பிடுபவரும் ஒரே ஆள். நான் பார்த்த ஒரு ஆபீஸில் சுற்றுலாப் பணம் ஒரு ஷூ டப்பாவில் இருந்தது. ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டுகள், மேலே பிள்ளைகளின் பெயர் எழுதிய மஞ்சள் சீட்டுகள். எண்ணிப் பார்த்தோம், ஒரு டாலர் குறையவில்லை. ஆனால் குறைந்திருந்தால், நேர்மையான அந்தப் பெண்மணியால் அதை நிரூபிக்க ஒரு வழியும் இருந்திருக்காது. அவரைக் காப்பாற்றத்தான் எண்ண இரண்டு பேர், ரசீதுப் புத்தகம் எல்லாம். உங்கள் ஆபீஸ் மேனேஜரிடமும் இப்படியே சொல்லுங்கள், சந்தேகப்படுவதாக நினைக்கமாட்டார்.

இதையெல்லாம் போர்டு உறுப்பினர்களின் வாட்ஸாப் குழுவில் விவாதிக்காதீர்கள். போர்டு விவாதம் எல்லாரும் வந்து பார்க்கக்கூடிய கூட்டத்தில்தான் நடக்க வேண்டும் என்ற சட்டம் 2020 முதல் சார்ட்டர் போர்டுகளுக்கும் உண்டு. பன்னிரண்டு கட்டத்தை அச்செடுத்து அடுத்த கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுங்கள், பெற்றோருக்கும் சேர்த்து. பி-1 வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.