பினாங்கு: லிஸ்ட்டை விடுங்க, கடை திறக்கிற நேரத்தைப் பாருங்க

வணக்கம் அண்ணா,

ஆயுத பூஜை லீவுல நானும் வீட்டம்மாவும் மூணு நாள் பினாங்கு போறோம். முன்ன சிங்கப்பூர் போனப்ப டூர் பஸ்ல ஏறி இறங்கியே பொழுது போச்சு, மூணு வேளையும் அவங்க கூட்டிட்டுப் போன இந்தியன் ரெஸ்டாரண்ட்தான். இந்தத் தடவை நடந்தே பாக்கலாம்னு இருக்கோம். நெட்ல பாத்தா கட்டாயம் பாக்கணும்னு இருபத்தஞ்சு இடம் போட்டிருக்காங்க, வெயில் வேற. சாயங்காலம் பாக்க என்ன இருக்கு? நான் எல்லாம் சாப்பிடுவேன், அவங்க சுத்த சைவம், அதான் பயமா இருக்கு.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

அந்த லிஸ்ட்ல பாதிக்கு மேல அடிச்சிடுங்க. பினாங்கு தீவோட டவுனான ஜார்ஜ் டவுன்ல இடத்தை வச்சு ப்ளான் போட்டா கால் வலிதான் மிச்சம், எந்தக் கடையில எப்ப அடுப்பு பத்தவைப்பாங்கன்னு வச்சுப் போடுங்க, பாக்க வேண்டியதெல்லாம் ரெண்டு கடைக்கு நடுவுல தானா வந்துடும். டவுனை விட்டுத் தள்ளி இருக்கற "பத்து ஃபெரிங்கி"ங்கற பீச்ல ரூம் எடுக்காதீங்க, டவுனுக்குள்ளயே எடுங்க. மதியம் பன்னெண்டுல இருந்து நாலரை வரைக்கும் ஏசி போட்டு தூங்குங்க, இதுக்காகவா ஃப்ளைட் ஏறி வந்தோம்னு வருத்தப்படவே வேணாம், ஏன்னா அங்க சூரியன் மறையவே ஏழு மணி தாண்டிடும், உங்க சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் ஆரம்பிக்குது.

வெயிலுக்கு ஒரு வழி அந்த ஊரே கட்டி வச்சிருக்கு. பழைய கடைவீடுங்க முன்னாடி தூண் வச்ச திண்ணை மாதிரி நடைபாதை போகும், காக்கி லீமான்னு சொல்வாங்க, அஞ்சடி நடை. 1822ல ராஃபிள்ஸ்ங்கற ஆங்கிலேய அதிகாரி சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்துல வந்த விதி அது, அப்புறம் பினாங்கு பக்கமும் பரவிடுச்சு. நிழல்லயே போகலாம், மழைக்கும் ஒதுங்கலாம், ஆனா நடுநடுவுல பைக்கை நிறுத்தி வச்சிருப்பாங்க, ரோட்டுல இறங்கி ஏறணும்.

முதல் சாயங்காலம் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ரோட்டுல நடங்க. 1818ல கட்டின செயின்ட் ஜார்ஜ் சர்ச், அப்புறம் சாம்பிராணிப் புகையோட சீனக் கருணைத்தாய் கோயில், ஒட்டின தெருவுல 1833ல வந்த மகாமாரியம்மன், கடைசியா 1801ல ஆரம்பிச்ச கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எல்லாமே கூப்பிடு தூரம். சூலியா தெரு முனையில நாகூர் ஆண்டவருக்கு ஒரு சின்ன தர்கா இருக்கு, வேகமா நடந்தா கவனிக்காம போயிடுவீங்க. சைக்கிள்ல ரெண்டு பிள்ளைங்க போற சுவரோவியம், 2012ல வரைஞ்சது, அதுக்கு முன்னாடி போட்டோவுக்கு க்யூ நிக்கும். நான்னா நிக்க மாட்டேன்.

இப்ப சாப்பாடு. நாசி கண்டார்னா தமிழ் முஸ்லிம்கள் தோள் கம்புல ரெண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு துறைமுகக் கூலிகளுக்கு வித்தது. கேம்பல் தெருவுல ஹமீதியா 1907ல இருந்து இருக்கு. தட்டுல சோறு வைப்பாங்க, நீங்க கோழியோ கணவாயோ மீன் முட்டையோ வெண்டைக்காயோ கை காட்டணும், அப்புறம் "பஞ்சிர்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மலாய்ல வெள்ளம்னு அர்த்தம், நாலஞ்சு குழம்பையும் ஒண்ணு மேல ஒண்ணா ஊத்தி சோத்தை மூழ்கடிச்சிடுவாங்க. தனித்தனியா கேட்டு வாங்கினா அந்த ருசியே வராது. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்து வம்சாவளி நிறைய, தமிழ்லயே பேசிப் பாருங்க. பில்லு பல இடத்துல தட்டைப் பாத்து கண்ணாலயே போடுவாங்க, அதனால பெரிய கணவாய், பெரிய இறால் தொடும்போது விலையை முன்னாடியே கேட்டுடுங்க.

சீனக் காபிக்கடைல கணக்கு வேற. கடை ஒருத்தரோடது, உள்ள இருக்கற ஒவ்வொரு அடுப்பும் வேற ஆளோடது, கடைக்காரருக்கு முக்கியமான வருமானமே டீ காபிலதான். அதனால உக்காந்தா ஒரு கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத காபி, சொல்லணும், சாப்பாட்டுக்கு தட்டு வர வர அந்தந்த ஆள்கிட்ட காசு குடுக்கணும். சார் குவே தியோவ் அங்கதான் சாப்பிடணும். பட்டை பட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பி, முட்டை, முளைப்பயறு, எல்லாத்தையும் தீ எகிற எகிற வாணலில புரட்டுவாங்க. நல்ல ஆளு ஒரு தட்டு ஒரு தட்டாதான் போடுவாரு, பத்து தட்டு ஒண்ணா போட்டா சூடு எறங்கி தண்ணி விட்டுடும், அதனால க்யூ நகரலைன்னா அது நல்ல கடைன்னு அர்த்தம். பன்றிக் கொழுப்புல வதக்கறது சகஜம், வேணாம்னா முதல்லயே சொல்லிடுங்க. ரெண்டு பேருக்கு ஒரு தட்டுன்னு நான் சொல்ற வழக்கம், ஆனா உங்க வீட்ல அது நடக்காது, அதனால சின்ன தட்டா கேளுங்க, வயித்துல இடம் வச்சுக்கிட்டு அடுத்த தெருவுக்கு நடக்கணும்.

ராத்திரி காட்சிக்கு ஒரு விஷயம். டவுன் தீவோட கிழக்குப் பக்கம் இருக்கு, சூரியன் முதுகுக்குப் பின்னாடி மலைக்கு அந்தப்பக்கம் மறையும், கடல் மேல கம்பு நட்டு வீடு கட்டியிருக்கற சூ ஜெட்டில போய் அஸ்தமனத்துக்கு காத்திருந்தா ஏமாந்துடுவீங்க. பதிலா இருட்டற நேரத்துக்கு அக்கரையில இருக்கற பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரில ஏறிப் போயிட்டு வாங்க, சில்லறைக் காசுதான், ஊரு மொத்தமும் விளக்கு போட்டுக்கிட்டு பின்னால நகர்றது தெரியும். இன்னொரு நாள் 1923ல ஓட ஆரம்பிச்ச மலை ரயில்ல பினாங்கு ஹில்லுக்கு அஞ்சு மணிக்கு முன்னாடியே ஏறிடுங்க, தீவை அக்கரையோட சேர்க்கற, 1985ல திறந்த பாலத்துல லைட் எரியறது மேல இருந்து நல்லா தெரியும்.

வீட்டம்மா விஷயத்துக்கு வரேன். லக்சாங்கற நூடுல்ஸ் குழம்பு, ரோஜாக்ங்கற பழ காய்கறிக் கலவை, சம்பல்ங்கற மிளகாய்த் துவையல், இதுலல்லாம் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், "மீன் இல்ல"ன்னு சொன்னாலும் அது இருக்கலாம், தொடவே வேணாம். லிட்டில் இந்தியாவுல சைவக் கடை இலைச்சாப்பாடு, தெருவுல புட்டு மாயம்னு விக்கற நம்ம இடியாப்பம், தேங்காப்பால் ஊத்தின ஐஸ் இனிப்பு செண்டோல் இதெல்லாம் பயமில்லாம சாப்பிடலாம். ஆனா நீங்க போற நேரம் இருக்கே, அதான் அதிர்ஷ்டம். சீனர்களோட ஒன்பதாம் மாசம் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் திருவிழா, பல வருஷம் நம்ம நவராத்திரியோட அப்படியே ஒட்டி வரும், சில வருஷம் ஒரு மாசம் தள்ளிப் போகும், காலண்டர்ல பாத்துக்கோங்க. அந்த நாள்ல நிறைய சீனர்கள் வெள்ளை உடுத்தி சைவம் இருப்பாங்க, மஞ்சக் கொடி கட்டின சைவக் கடைங்க தெருத்தெருவா முளைக்கும், சார் குவே தியோவ்கூட சைவத்துல போடுவாங்க. தேதி பொருந்திச்சுன்னா அவங்களை முன்னாடி விட்டு நீங்க பின்னாடி போங்க. குடை மட்டும் மறந்துடாதீங்க, அக்டோபர் அங்க நல்ல மழைக்காலம்.