சிரிக்கிற பணிஸ், சிரிக்கிற முட்டை: நத்தார் சோடனை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, சிரித்த முகம் வைத்த சாப்பாட்டுச் சோடனைகள் என்றால் எனக்கு உயிர். பணிஸ், முட்டைப் பொரியல், ஐஸ்கிறீம் என்று சேர்த்துக்கொண்டு வருகிறேன். போன வருடம் வவுனியாவில் 12 உள்ள பெட்டி ஒன்று வாங்கினேன். பாதிக்கு மேல் பெயின்ட் உரிந்து கண்ணும் இல்லை, வாயும் இல்லை. இந்த முறை எதைப் பார்த்து வாங்குவது?
(உருத்திரபுரம் வாசகி)

பதில்: முதலில் பெட்டியாக வாங்குவதை விடுங்கள், தங்கச்சி. அப்படி வரும் பெட்டியில் நீங்கள் ஆசைப்பட்டது மூன்றோ நான்கோதான் இருக்கும். மிச்சம் எல்லாம் அதே டோனட், நிறம் மட்டும் வேறு. பெட்டியின் விலையை 12 ஆல் பிரிக்காமல், உங்களுக்கு உண்மையில் பிடித்தவற்றின் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். தனியாக விற்கிற நல்ல சோடனை ஒன்றின் விலைக்குக் கிட்ட வந்து நிற்கும்.

இந்தப் பொருட்களில் நாங்கள் காசு கொடுப்பதே அந்த முகத்துக்குத்தான். ஆகவே முகத்தை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். துணியில் செய்தது என்றால் கண்ணும் வாயும் நூலால் தைத்திருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டியதை எங்கள் மார்கழி ஈரம் ஒரே மழையில் கழற்றிவிடும். கண்ணாடி, பிளாஸ்டிக் என்றால் வாயின் ஓரத்தில் நகத்தால் மெல்லத் தடவுங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் அது ஸ்டிக்கர். கண்ணாடியில் மேலே உள்ள உலோகத் தொப்பி ஆடினாலும் எடுக்காதீர்கள். கொளுவி தொங்குவது அதில்தான், விழுந்தால் மிஞ்சாது.

கண்ணாடிச் சோடனைக்குப் பெயர் போன இடம் ஜேர்மனியில் உள்ள லவுஷா என்ற சிற்றூர். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கண்ணாடியை அச்சில் ஊதிப் பழங்களாகவும் கொட்டைகளாகவும் செய்தார்கள். 1880களில் வூல்வேர்த் என்ற அமெரிக்கக் கடைகள் அவற்றைத் தங்கள் நாட்டுக்கு இறக்கின. இன்று நாங்கள் ஆசைப்படும் சிரிக்கிற பணிஸுக்கு அந்தப் பழங்கள்தான் மூதாதையர் என்று எனக்குப் படுகிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஜேர்மன் முறை, கையால் ஊதியது’ என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். செய்தவர் பெயரும் நாட்டின் பெயரும் பெட்டியில் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம். உண்மையாகவே அப்படிச் செய்தது கிடைத்தால், ஈரத் துணியால் துடைக்காதீர்கள். முகம் வெளிப்பக்கத்தில்தான் தீட்டியிருக்கும், தண்ணீர் பட்டால் போய்விடும். காய்ந்த தூரிகை போதும்.

இன்னொன்று. இவை தடித்த கிளையுள்ள மரங்களை நினைத்துச் செய்தவை. நாங்கள் வெட்டி வைப்பது சவுக்கங்கிளை, பாரம் தாங்காது. கண்ணாடியை அடித்தண்டோடு ஒட்டிக் கட்டுங்கள், துணிச் சோடனைகளை நுனிக்கு விடுங்கள். நத்தார் முடிந்ததும் முட்டை அடுக்கும் மட்டைகளில் வைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொதிகளையும் கூடவே போட்டு மூடி வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு இரண்டு வயது. மரத்தில் தொங்கும் ஸ்ட்ரோபெரி, பிஸ்கட் எல்லாவற்றையும் கடிக்கப் போகிறாள். சிலது மணக்கவும் செய்கிறது. ஆபத்தா?
(முருங்கன் வாசகர்)

பதில்: ஆபத்துத்தான், கவனமாக இருங்கள். சாப்பாடு மாதிரியே இருந்து, பிள்ளைகள் உண்மையென்று நம்பி வாயில் வைக்கக்கூடிய பொருட்களை ஐரோப்பாவில் 1987 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். முகம் வரைந்திருந்தால் பெரியவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான் என்று விளங்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சிரிக்கிற பிஸ்கட். வாசம் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அமுக்கினால் மெல்ல விரிகிற, வாசமடிக்கிற ஸ்பொஞ்ச் சாமான்களை உங்கள் வீட்டுக்கு எடுக்கவே வேண்டாம் என்பேன். டென்மார்க்கின் சுற்றாடல் அதிகாரிகள் 2018இல் இவ்வகைப் பொருட்களைச் சோதித்தபோது உடலுக்குக் கூடாத இரசாயனங்கள் அவற்றிலிருந்து காற்றில் கலப்பதைக் கண்டார்கள். கழிவறைக் கடதாசி உருளையின் நடு மட்டைக்குள் நுழையக்கூடிய எதுவும் அந்த வயதுப் பிள்ளையின் தொண்டையை அடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்த மட்டையைப் பையில் கொண்டு போனால் நல்லது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் வெளிச்சம் விடுகிறவற்றில்தான். உள்ளே பட்டன் பற்றரி இருக்கும். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே எரித்துப் புண்ணாக்கிவிடும். மூடியில் திருகாணி இல்லாத ஒன்றையும் வாங்க வேண்டாம். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உப்பும் மாவும் பிசைந்து வீட்டில் செய்யும் சோடனைகளும் இந்த வயதுக்குச் சரிவராது, உப்பு மிக அதிகம். மழைக்கு அவை நசிந்து எறும்பும் ஏறும்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து, சிரிக்கிற கேக் துண்டு ஆறுக்கு வங்கியில் காசு போட்டேன். வந்தது பெருவிரல் நகம் அளவு. விற்றவர் பதில் போடுகிறார் இல்லை.
(நெடுங்கேணி வாசகி)

பதில்: விளம்பரத்தில் அளவு எழுதியிருந்ததா என்று முதலில் பாருங்கள். 8 சென்ரிமீற்றர் என்று எழுதிவிட்டு 3 அனுப்பியிருந்தால் உங்கள் முறைப்பாடு பலமானது. அளவே எழுதவில்லை என்றால் கொஞ்சம் கடினம், ஆனாலும் பக்கத்தில் கை, கோப்பை வைத்து எடுத்த படம் இருந்தால் அதுவும் சான்றுதான். விளம்பரம், உரையாடல், வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் அவர் அழிக்க முதல் படம் பிடித்து வையுங்கள். வந்த பொருளை அடிமட்டத்தோடு வைத்து ஒரு படம் எடுங்கள்.

அப்புறம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். நத்தார் முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று இருந்தால் நாள் ஓடிவிடும். தொலைபேசி எண் 1977. இனிமேல் பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையில் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எல்லாம் பர்கரும் சூஷியுமாக இருக்கிறது. எங்கள் சாப்பாட்டில் இப்படி ஒன்றும் வராதா?
(முள்ளியவளை வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. கடையில் தேடாதீர்கள், சொல்லிச் செய்வியுங்கள். ஊசி நூல் பின்னலும் தையலும் தெரிந்த பெண்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். மோதகம், றோல்ஸ், பிட்டுக்குழல் எல்லாம் துணியில் அழகாக வரும். எனக்குப் பிடித்தது நுங்கு. குறுக்கே வெட்டினால் மூன்று குழி. இரண்டைக் கண்ணாகவும் ஒன்றை வாயாகவும் எடுத்தால் முகம் வரைய வேண்டிய வேலையே இல்லை.

ஐப்பசியிலேயே சொல்லிவிடுங்கள், கார்த்திகை மார்கழியில் தையல்காரருக்கு நேரம் இராது. முதலில் ஒன்று மட்டும் செய்வித்துப் பாருங்கள். உயரம் 6, 7 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும், உள்ளே பஞ்சு மட்டும் வைக்கச் சொல்லுங்கள், கண்ணுக்கு மணி வேண்டாம், நூல் போதும். விலை பேசும்போது சீனப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டுக் குறைக்கப் பார்க்காதீர்கள். ஒருவர் இருந்து தைக்கும் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஏற்ற கூலியைக் கொடுங்கள்.