சப்வூஃபர் (பேஸ், அதான் அடி சத்தம், அதை மட்டும் தர்ற ஸ்பீக்கர்) சத்தம் எவ்ளோ வைக்கணும்? கேளுங்க, சொல்றேன்

சத்துவாச்சாரியிலேர்ந்து: அண்ணா, படத்துக்கு பேஸ் சூப்பரா கீது, அதே செட்டிங்ல பாட்டு போட்டா ஒரே தொம் தொம்னு வருது. எதை நம்பறது?

சப்பு மேல தப்பு இல்ல தம்பி. 5.1 படத்துல, அதாவது அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்புக்கும் பிரிச்ச சத்தத்துல, அந்த .1 இருக்கே, அது எல்எஃப்இனு தனி சேனல், வெடி இடிக்குனே வச்சது, மத்த சேனலை விட 10 டெசிபல் கூடவே சத்தம் வர்ற மாதிரி ஏற்பாடு. ஸ்டீரியோ பாட்டுல அந்த சேனலே கிடையாது, பாட்டுல இருக்கற பேஸையே ரிசீவர் (ஸ்பீக்கரை எல்லாம் ஓட்டற பெட்டி) பிரிச்சு சப்புக்கு அனுப்புது, அவ்ளோதான். அதனால முதல்ல பாட்டுக்கு செட் பண்ணு. பேஸ் கிட்டார் ஏறி இறங்கற, உனக்கு நல்லா பழக்கமான பாட்டு ஒண்ணு போட்டு கண்ண மூடிக்கோ, சப்பு எந்த மூலைல இருக்குனு கை காட்ட முடிஞ்சா ஜாஸ்தினு அர்த்தம், குறை. அப்புறம் படத்துக்கு மட்டும் ரிமோட்ல சப் லெவலை 2, 3 டெசிபல் ஏத்திக்கோ. சப்பு பின்னாடி இருக்கற வால்யூம் குமிழ தொடவே தொடாத, தொட்டா பழைய இடத்துக்கு திரும்பி வர்றது கஷ்டம்.

காட்பாடியிலேர்ந்து: 10க்கு 12 ரூம் சார், சப்பு மூலைல. சில நோட்டு மட்டும் காதைப் பொளக்குது, நடுவுல சேர் போட்டு உக்காந்தா பேஸே இல்ல.

அது லெவல் பிரச்சனையே இல்ல சார், ரூமு. செங்கல் சுவரு, காங்கிரீட் மெத்தை, ஜன்னலும் சின்னது, பேஸ் வெளிய போக வழி இல்லாம உள்ளயே மோதிகினு இருக்கும். 12 அடி நீளத்துக்கு சுமார் 47 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 47 அதிர்வு), 10 அடிக்கு 56, இந்த ரெண்டு இடத்துலயும் ரூம் தானா கத்தும். பேஸ் கிட்டாரோட கீழ் நோட்டு 41ல ஆரம்பிக்குது, அப்ப அது வாசிக்கற இடத்துலயேதான் உங்க ரூமும் கத்துது. அதே அலை நடு ரூம்ல செத்துப் போகும், அதான் அந்த சேர்ல ஒண்ணும் கேக்கல. லெவலை ஏத்தி அந்தப் பள்ளத்தை ரொப்ப முடியாது, சுவரோரம்தான் இன்னும் கத்தும். சேரை நடுவுலேர்ந்து ரெண்டு அடி பின்னாடி தள்ளுங்க. அப்புறம் சப்பைத் தூக்கி நீங்க உக்கார்ற இடத்துல வச்சு பேஸ் பாட்டு ஓட விட்டு, தரையோட தரையா தவழ்ந்து சுவரோரம் சுத்தி வாங்க, எங்க எல்லா நோட்டும் ஒரே சீரா கேக்குதோ அங்க சப்பை வைங்க. வீட்ல சிரிப்பாங்க, பரவால்ல.

ராணிப்பேட்டையிலேர்ந்து: ரிசீவர்ல ஆட்டோ செட்டப் (மைக் வச்சு அதுவே அளந்து செட் பண்றது) ஓட்டினேன், பேஸ் குறைஞ்சிடுச்சு ப்ரோ.

ஃப்ரண்ட் ஸ்பீக்கரை 'லார்ஜ்'னு போட்டிருக்கும், பாருங்க, அப்ப அதோட பேஸ் சப்புக்கு போகாது. 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவர் (எதுக்கு கீழ இருக்கற சத்தம் சப்புக்கு போகணும்ங்கற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வைங்க, சப்புல இருக்கற கிராஸ்ஓவர் குமிழ் ஃபுல்லா திருப்பி இருக்கணும், இல்லனா ரெண்டு தடவ வெட்டும். போன் ஆப்ல அளந்து சரி பண்ணாதீங்க, நிறைய போன் மைக்குக்கு அடி பேஸ் சரியா கேக்காது, நம்பர் வரட்டும்னு நீங்க ஏத்திகினே போவீங்க.

குடியாத்தத்திலேர்ந்து: அண்ணா, எதுவும் ஓடாதப்பவே ம்ம்ம்னு சத்தம் வருது.

சப்புக்குப் போற கேபிளை கழட்டிப் பாரும்மா. சத்தம் நின்னா சப்பு நல்லாத்தான் இருக்கு, கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் எர்த் வழியா சுத்தி வருது. செட்டாப் பாக்ஸ்ல வர்ற கேபிள் டிவி ஒயரை கழட்டி விட்டு கேளு, பாதி வீட்ல குத்தவாளி அதுதான். எல்லாத்தையும் ஒரே பிளக் போர்டுல போடு. யாராவது எர்த் பின்னை உடைச்சிடுனு சொன்னா கேக்காத, ஷாக் அடிக்கும்.

ஆரணியிலேர்ந்து: நைட்ல சவுண்ட் குறைச்சா பேஸ் காணாமப் போவுது, ஏத்தினா கீழ் வீட்டுக்காரர் வந்துடறாரு. இன்னா பண்றது?

சத்தம் குறைய குறைய காதுக்கு பேஸ்தான் முதல்ல கேக்காமப் போகும், பிளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே அளந்து சொல்லிட்டாங்க. ரிசீவர்ல லவுட்னஸ் இல்லனா டைனமிக் ஈக்யூனு இருந்தா ஆன் பண்ணுங்க, சத்தம் குறைக்கறப்ப பேஸை தானா தூக்கி விடும். படத்துக்கு நைட் மோட் போடுங்க, வெடியை அமுக்கி பேச்சை தூக்கும். அப்பயும் அவரு வந்தா 10 மணிக்கு மேல சப்பை ஆஃப் பண்ணிடுங்க, பேஸ் தளம் வழியா இறங்கும், கதவை சாத்தினாலாம் நிக்காது.

திருப்பத்தூர்லேர்ந்து: ஃபேஸ் சுவிட்ச் 0 வா 180 ஆ?

சப்போட அலை ஸ்பீக்கர் அலையோட சேர்ந்து அசையணும், எதிரா அசைஞ்சா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும், அதுக்குத்தான் அந்த சுவிட்ச். ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஓட 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு உக்கார்ற இடத்துல கேளுங்க, எதுல சத்தம் கூட இருக்கோ அது.