பெரிய டிசைனர்கள் எப்படி யோசித்தார்கள் என்று படித்தால் ஐடியா வருமா?

"ஐடியா வறண்டுவிட்டது, பெரிய கிராபிக் டிசைனர்கள் யோசித்த விதத்தைப் படித்தால் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாளைக் காலையில் யாருக்கோ லோகோ கொடுக்க வேண்டியிருக்கும், ராத்திரி பதினொரு மணிக்கு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படிப் படித்துக் கெட்டவன்தான்.

சொந்த ஊர் சிவகாசி. பன்னிரண்டு வருடமாக மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு அச்சகத்தில் வேலை. வந்த புதிதில் இந்தக் கதைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். 'I ♥ NY' என்ற நியூயார்க் லோகோவின் சிவப்பு இதயத்தை மில்டன் கிளேசர் டாக்சியில் உட்கார்ந்து கிறுக்கினார். சிட்டி வங்கியின் லோகோவை பாலா ஷேர் ஒரு நாப்கினில் வரைந்தார். 1986-ல் தன் புது கம்ப்யூட்டர் கம்பெனியான நெக்ஸ்டின் லோகோவுக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் நாலைந்து மாதிரி கேட்டபோது பால் ராண்ட் மறுத்துவிட்டார்: ஒன்றுதான் தருவேன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் காசு வேண்டும். வாங்கியது ஒரு லட்சம் டாலர்.

இந்த ராண்ட் என் தலையில் ஏறிக்கொண்டார். அந்த வருடத் தைப்பூசக் காவடிக்கு ஒரு கோவில் கமிட்டி என்னிடம் போஸ்டர் கேட்டது. அடர் ரோஸ் பின்னணியில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம், அதில் கோத்த கொக்கி. பெரிய எழுத்தில் பிரெஞ்சு, அடியில் 14 பாயிண்ட்டில் தமிழ். ஒரே டிசைன்தான் கொண்டுபோனேன். "முருகன் எங்கே?" என்றார்கள். "இதற்குள்ளேதான் இருக்கிறார்" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கமிட்டியில் ஒரு பெரியவர். பேச்சு பாதி இந்த ஊர் கிரியோல் மொழி, பாதி தமிழ். சட்டைப் பையிலிருந்து ஒரு மொரிஷியஸ் 25 ரூபாய் நோட்டை எடுத்து என் போஸ்டர் மேல் வைத்தார். "தம்பி, இதில் தமிழ் எங்கே இருக்கு, பார்." ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம்தான் இந்தி. 1998-ல் வந்த புது நோட்டில் தமிழைப் பின்னால் தள்ளி இந்தியை முன்னால் போட்டுவிட்டார்களாம். தமிழர்கள் கொதித்தெழ, மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வரிசையை மாற்றி அச்சடித்தது. "ஒரு வரி இடம் மாறினதுக்கே அவ்வளவு நடந்தது. நீ எறும்பு சைஸில் போட்டிருக்கே."

சரி, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதுதானே எங்கள் தொழிலே? அதை நான் பேட்டிகளில் பத்துத் தடவை படித்திருக்கிறேன், மண்டையில் ஏறியது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

அப்புறம் ராண்ட் கதையைத் திரும்பப் படித்தேன். அவர் லோகோவை மட்டும் நீட்டவில்லை. எழுத்து ஏன் இப்படி, கட்டம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று படிப்படியாக விளக்கும் ஒரு சிறு புத்தகமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். நான் அவருடைய திமிரை எடுத்துக்கொண்டு புத்தகத்தை விட்டுவிட்டேன். நாப்கின் கதையும் அப்படித்தான். நொடியில் வந்ததன் பின்னால் 34 வருடம் இருக்கிறது என்று ஷேரே சொல்லியிருக்கிறார். பெரியவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். படியுங்கள். ஆனால் டாக்சி, நாப்கின் பக்கங்களைத் தாண்டிப் போய், வாடிக்கையாளரிடம் என்ன கேட்டார்கள், எதை வெட்டி எறிந்தார்கள் என்ற இடத்தில் நின்று படியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் வசதியைப் போடாமல் தமிழை ஒட்டிவிட்டு, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிளந்த பைலை எனக்கு அனுப்புகிறவர்களை என்ன செய்வது? வாரத்துக்கு நாலு வருகிறது. அதைச் சரிசெய்யவே பாதி நாள் போகிறது, இதில் ஐடியா எங்கிருந்து வரும்?

போஸ்டரை மாற்றிக் கொடுத்தேன். தமிழ் மேலே, நடுவில் முருகன், எலுமிச்சம்பழம் ஒரு மூலையில். பில் கேட்டபோது, "கோவில் வேலைக்குக் காசா தம்பி?" என்றார் அதே பெரியவர். நோட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.