எஞ்சின் இல்லாமல் காற்றை முந்துமா?

பண்டாரவளையிலிருந்து கேட்டிருந்தீர்கள்: அமெரிக்காக் கிண்ணப் பந்தயத்தில் ஓடும் பாய்ப்படகுகளைக் காட்டினால், "காற்றைவிட வேகமாகப் பாய்மரம் ஓடாது, எஞ்சின் ஒளித்து வைத்திருக்கிறார்கள்" என்று மாமா சிரிக்கிறாராம்.

அவரிடம் ஒன்று கேளுங்கள். காற்றே இல்லாத நாளில் ஹட்டன் வளைவுகளில் மோட்டார் சைக்கிளில் இறங்கினால் முகத்தில் அடிப்பது என்ன? ஓட்டமே உண்டாக்கும் காற்று. படகுக்கும் அதேதான். பக்கவாட்டில் வீசும் காற்றோடு அது சேரும்போது பாய்க்குக் கிடைக்கும் காற்று பலமாகிறது. சாதாரணப் படகில் தண்ணீரின் இழுவை அந்த லாபத்தைத் தின்றுவிடும். இவற்றிலோ அடியில் உள்ள சிறகுகள் படகையே நீருக்கு மேல் தூக்கிவிடுகின்றன. அப்புறம் காற்றைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வேகம். நேர் பின்காற்றில் பாயை விரித்துவிட்டு இருந்தால் மட்டும் மாமா சொல்வது சரி. அதனால்தான் இவர்கள் சாய்வாக வளைந்து வளைந்து போகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தப் பந்தயத்தின் ஏசி75 வகைப் படகில் அந்தச் சிறகுக் கைகளை ஏற்றி இறக்குவது பற்றரிதான். பாய்களை இயக்க 2024 பார்சிலோனாவில் ஆட்கள் சைக்கிள் மிதித்தார்கள். கிரகரி வாவியின் மிதிபடகு ஞாபகம் வருகிறதா?

முதலில் 2013 சான் பிரான்சிஸ்கோ ஓட்டங்களைப் போட்டுக் காட்டுங்கள். 8-1 என்று பின்தங்கிய அமெரிக்காவின் ஒரக்கிள் அணி 9-8 என வென்றது. 2024இல் நியூசிலாந்து 7-2 என வென்றது எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது.