குத்து குதிகாலில் தொடங்குகிறது

கேள்வி: தினமும் தண்டால் எடுத்துப் புஜம் நன்றாக ஏறியிருக்கிறது. ஆனாலும் என்னைவிட ஒல்லியான பையன் குத்தினால் குத்துச்சண்டைப் பயிற்சிக்குத் தொங்கவிட்ட பேக் ஊஞ்சலாடுகிறது; நான் குத்தினால் அசைய மறுக்கிறது. எங்கே தப்பு?

பேக் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு ஒரு குத்து விடுங்கள். ‘சப்’பென்று ஒரு சத்தம் வரும். வெறும் கையின் பலம் அவ்வளவுதான்.

இப்போது எழுந்து, இடது காலை முன்வைத்து நின்று, வலது முன்பாதத்தால் தரையைத் தள்ளுங்கள். கெண்டைக்காலும் தொடையும் புட்டமும் சேர்ந்து இடுப்பைத் திருப்பும். இடுப்பு முந்த, தோள் ஒரு கணம் பிந்தும். அந்த நேரத்தில் வயிற்றின் பக்கவாட்டுச் சதைகள் பிழிந்த துணிபோல் முறுக்கேறும். முறுக்கு விடுபட்டதும் தோள் பாய்ந்து வரும். அதற்குப் பிறகுதான் மார்பும் முன்தோளும் கையை வீசும், மேற்கையின் பின்புறத் தசையான டிரைசெப்ஸ் முழங்கையை நீட்டும். அக்குளுக்குக் கீழே விலாவில் விரல் விரித்தாற்போல் ஒட்டியிருக்கும் செரட்டஸ் தசை, தோள்பட்டை எலும்பை முன்னே தள்ளி, எட்டாமல் நிற்கும் கடைசி அங்குலத்தைக் கொடுக்கும்.

சோவியத் குத்துச்சண்டை வீரர்களை அளந்து 1985இல் வெளியான ஆய்வில், தேர்ந்தவர்களின் குத்தில் காலின் பங்கு சுமார் 38 சதவீதம், கையின் பங்கு 24. கீழ்நிலை வீரர்களிடம் கை 38, கால் 17கூட இல்லை. குத்தும்போது உங்கள் பின்குதிகால் தரையோடு ஒட்டியே கிடக்கிறதா? கிடந்தால் தப்பு அங்கேதான்.

கேள்வி: மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸைப் பெருக்கினால் குத்து பலமாகுமா?

நேர்க்குத்துக்கு ஆகாது. முழங்கையை மடக்குவது அதன் வேலை. நீளும் கைக்கு அது பிரேக். பக்கவாட்டில் வளைத்து விடும் ஹூக் குத்தில் முழங்கை மடங்கியபடியே நிற்க அது வேண்டும்.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே கையை இறுக்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். இறுகிய தசை தன் எதிர்த்தசையோடு மல்லுக்கட்டும், வேகம் செத்துவிடும். தளர்வாக விடுங்கள். படும் கணத்தில் முஷ்டி, மணிக்கட்டு, வயிறு எல்லாம் ஒன்றாக இறுகட்டும். ‘உஸ்’ என்று மூச்சு விடச் சொல்வதும் இதற்காகத்தான். வயிறு தானாக இறுகும்.

கேள்வி: குத்திய பிறகு சுண்டுவிரல் முட்டிக்குப் பின்னால் வீங்கி வலிக்கிறது. ஐஸ் வைத்தால் போதுமா?

போதாது. முதலில் எக்ஸ்ரே எடுங்கள். சுண்டுவிரலைத் தாங்கும் உள்ளங்கை எலும்பு கழுத்துப் பகுதியில் முறிவது முஷ்டியால் குத்துகிறவர்களுக்கு அடிக்கடி வரும் காயம். குணமாகி டாக்டர் சரியென்ற பிறகு, ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் முதலில் படும்படி, மணிக்கட்டு மடங்காமல், மெதுவாகத் தொடங்குங்கள். கையில் துணி சுற்றாமல் பேக்கைத் தொடாதீர்கள்.