மூச்சுக்கு ஒரு புள்ளி

அன்புள்ள ஐயா,

நாகப்பட்டினத்தில் மூத்த குடிமக்கள் குழு ஒன்றுக்குச் சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தியானம் சொல்லித்தருகிறேன். 18 பேர் வருகிறார்கள், பெரும்பாலும் 55 வயதுக்கு மேல். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆசனங்கள் பல வருடப் பழக்கம் என்றாலும், வாயால் சொல்லி ஒரு கூட்டத்தைத் தியானத்தில் உட்காரவைப்பது எனக்குப் புதிது. யூடியூபில் கேட்டவற்றைச் சேர்த்து இரண்டு பக்கம் எழுதி, அதைப் பார்த்து வாசிக்கிறேன்.

நான்கு வாரம் ஆயிற்று. அரை மணி நேரத்துக்கென்று எழுதியது 12 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஜமுக்காளத்தில் படுக்கச் சொன்னால் ஐந்தாறு பேர் குறட்டை. ஒருவர் வாராவாரம் ‘எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே டீச்சர்’ என்கிறார். போன வாரம், கடற்கரையில் நிற்பதாகவும் அலை வந்து காலைத் தொடுவதாகவும் கற்பனை செய்யச் சொன்னேன். ஓர் அம்மா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். எங்கே தவறுகிறேன்?

எம்.

அன்புள்ள எம்,

12 நிமிடத்தில் தீர்கிற அந்த இரண்டு பக்கம் சரியான அளவுதான். நீட்டி எழுதிவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் உங்கள் குரல் அவ்வளவு ஒலித்தால் போதும். மீதி 18 நிமிடம் வரிகளுக்கு நடுவே இருக்கவேண்டியது. அதைத்தான் தாளில் குறிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

யூடியூபில் நீங்கள் கேட்டவை ஒரே முறையாக இருக்க வாய்ப்பில்லை. பீகாரில், முங்கேரில், சுவாமி சத்யானந்த சரஸ்வதி வகுத்த யோக நித்திரை, படுத்தபடி உடலை உறுப்பு உறுப்பாகக் கவனிக்கும் பயிற்சி, வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி, இரண்டாவது விரல், மூன்றாவது விரல் என்று நிற்காமல் ஓடும். மனம் ஓரிடத்தில் தங்கி யோசனைக்குள் நழுவாமலிருக்க வேண்டுமென்றே வைத்த வேகம் அது. 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஸின் தொடங்கிய பயிற்சியில் உடலைக் கவனிப்பது இடது கால்விரல்களில் ஆரம்பித்து, ஒவ்வோரிடத்திலும் நின்று நின்று, முக்கால் மணி நேரம் போகும். எஸ். என். கோயங்கா பரப்பிய விபாசனா தியானத்தின் பத்து நாள் முகாமிலோ முதல் மூன்று நாள் மூச்சு மட்டும்தான். நான்காம் நாள்தான் உச்சந்தலையிலிருந்து உடலைப் பார்க்கச் சொல்லித்தருவார்கள். நீங்கள் இரண்டாவதின் வாசகங்களை முதலாவதின் வேகத்தில் வாசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவின் வயதுக்கு மெதுவான முறைதான் ஒத்துவரும்.

இனி தாளை எடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி என்றால் உங்களுடைய ஒரு முழு மூச்சு, உள்ளே போய் வெளியே வருவது. இப்படி:

வலது பாதம். ••
தரையில் எந்த இடம் படுகிறது என்று பாருங்கள். •••
குதிகாலில் அழுத்தம் கூடவா, விரல் பக்கமா. •••

எட்டுப் புள்ளி. வாசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் சுமார் 40 விநாடி. இப்படி உடலில் 18 நிறுத்தங்கள் என்றால் 12 நிமிடம். கடிகாரத்தை நம்பாமல் மூச்சை எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஐந்து விநாடி அமைதியே அரை நிமிடம்போல் இருக்கும். பதற்றத்தில் அடுத்த வரிக்குத் தாவிவிடுவோம். மூச்சை எண்ணும்போது அந்தப் பதற்றமும் கூடவே தணிகிறது.

மொத்த நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்: உட்கார்ந்து சரிசெய்துகொள்ள 4 நிமிடம், மூச்சுக்கு 4, உடலுக்கு 12, பேச்சில்லாமல் 6, திரும்பி வர 4. அந்த ஆறு நிமிடத்தை ஒரே வீச்சில் விடாதீர்கள். மூன்று நிமிடம் கழித்து ஒரு வாக்கியம், பிறகு மறுபடி மூன்று நிமிடம். அதற்குமுன் ‘இனி மூன்று நிமிடம் நான் பேசமாட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தினால், டீச்சர் எங்கே போனார் என்று பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்கள்.

மொழியில் சில இடறல்கள். ‘மனதை வெறுமையாக்குங்கள்’ என்பதை அடித்துவிடுங்கள், யாராலும் செய்யமுடியாத கட்டளை அது. ‘மூச்சை ஆழமாக இழுங்கள்’ என்றால் தோளைத் தூக்கிக்கொண்டு இழுப்பார்கள், நாலாவது மூச்சில் ஒருவருக்குத் தலை சுற்றும். ‘மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது’ என்று நடப்பதை மட்டும் சொன்னால் மூச்சு தானாக இறங்கும். ‘தங்களது கெண்டைக்காலை உணர்வீர்களாக’ என்கிற மேடைத் தமிழ் வேண்டாம், நீங்கள் வகுப்பில் பேசிய தமிழே போதும். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தில் பிட்டம், மார்பு என்று சொன்னால் அந்த இடத்தில் கவனம் கூச்சத்துக்குப் போய்விடும். ‘நாற்காலியில் அழுந்தியிருக்கும் இடம்’, ‘நெஞ்சுப் பகுதி’ என்றால் வேலை முடிந்தது.

மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் அமைதி தராது. ஆஸ்துமா உள்ளவர்கள், படபடப்பு வருபவர்கள் கவனிக்கக் கவனிக்கத் திணறுவார்கள். தொடக்கத்திலேயே மாற்று வழி சொல்லிவிடுங்கள்: ‘மூச்சு தொந்தரவாக இருந்தால் உள்ளங்கையைக் கவனியுங்கள், அல்லது மின்விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். கண்ணைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.’ இதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவேண்டும், ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடாது.

குறட்டைக்கு வருகிறேன். மாலை வேளை, வயதான உடம்பு, ஜமுக்காளம், மங்கலான விளக்கு. தூங்காமல் என்ன செய்வார்கள்? நாற்காலிக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பு முன்னால் வழுக்கும். ஒரு துண்டை மடித்து இருக்கையின் பின்பக்கம் போட்டால் முதுகு தானே நிமிரும். கால் தரையில் எட்டாதவர்களுக்கு அந்த ஜமுக்காளத்தையே மடித்துக் காலடியில் வையுங்கள். விளக்கு எரியட்டும். அப்படியும் ஒருவர் தூங்கினால், நீங்கள் பேசும்போது குரலைச் சற்று உயர்த்தினால் போதும். தொட்டு எழுப்பாதீர்கள்.

‘ஒண்ணும் ஆகலீங்களே’ என்பவர் இருக்கிறாரே, அவர்தான் உங்கள் குழுவிலேயே உண்மையைச் சொல்பவர். அமர்வு முடிந்ததும் ‘என்ன அனுபவம்?’ என்று கேட்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒருவர் நீல ஒளி கண்டேன் என்பார், அடுத்த வாரம் மூன்று பேர் காண்பார்கள். ‘எந்த இடம் தெளிவாகத் தெரிந்தது, எந்த இடம் தெரியவே இல்லை?’ என்று கேளுங்கள். தெரியவில்லை என்பதும் கவனித்துச் சொன்ன பதில்தான். உள்ளங்கால் மட்டும் ஒருவருக்கு எப்போதுமே தெரியவில்லை என்றால், அவருக்கு நெடுநாள் சர்க்கரை இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள். நீரிழிவில் பாத நரம்புகள் உணர்விழப்பது சாதாரணம். அதை மருத்துவர் பார்க்கவேண்டும். குழுவில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை பழகியவர்கள் இருந்தால் பழக்கத்தில் புருவமத்திக்குப் போய்விடுவார்கள். அதில் சண்டை வேண்டாம், நெற்றி வரும்போது சேர்ந்துகொள்வார்கள்.

சர்க்கரை பற்றி இன்னொன்று. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச்சொல்வது நல்லதுதான். அதைக் கேட்டு, இன்சுலின் போடுபவரோ மாத்திரை எடுப்பவரோ வெறும் வயிற்றோடு வந்துவிடக்கூடாது. யாருக்காவது வியர்த்துக் கை நடுங்கினால் குண்டலினி என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். முதலில் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுங்கள். முடிக்கும்போதும் அவசரம் வேண்டாம். அறையின் சத்தங்கள், கைவிரல் அசைவு, கால்விரல் அசைவு, கண் திறப்பு, அப்படியே ஒரு நிமிடம். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுவது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தள்ளாடுவார். மணி அடிக்கவேண்டியதில்லை. வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி என்றிருக்கும் ஊரில் பூஜை மணியின் ஓசை சிலரை வகுப்பிலிருந்து வேறெங்கோ கூட்டிப்போகும். உங்கள் குரலே போதும்.

நீங்கள் கண்ணை மூடாதீர்கள். அது உங்கள் தியான நேரம் அல்ல. கண் திறந்திருந்தால்தான் யார் நெளிகிறார், யார் தோள் காதுவரை ஏறியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். பாதிப் பேர் நெளிந்தால் மூன்று நிறுத்தங்களை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

கடைசியாக அந்த அலை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது உங்கள் மாவட்டம், 6,000 பேருக்கு மேல். காலைத் தொடும் அலை என்பது எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாருக்கோ இதமாகத் தோன்றிய காட்சி. உங்கள் அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் அலையிலிருந்து ஓடியவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், கேட்கவும் தேவையில்லை. கடல் மட்டுமல்ல, இருண்ட குகை, அம்மாவின் மடி, எல்லாமே யாரோ ஒருவருக்கு முள்தான். பாதம் தரையில் படுவதற்கு இந்தச் சிக்கல் குறைவு. காட்சிகளை மொத்தமாக எடுத்துவிடுங்கள்.

அந்த அம்மா எதற்காக எழுந்தார் என்பது நமக்குத் தெரியாது. கால் மரத்துப்போயிருக்கலாம். காரணம் கேட்காமல், ‘போன வாரம் பாதியில் போனீர்கள், சௌக்கியமா?’ என்று தனியாக விசாரியுங்கள். அவர் பேசினால் கேளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். தூக்கமில்லை, பழைய காட்சிகள் வருகின்றன என்றால் மனநல மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. திரும்ப வருவதாகச் சொன்னால், அடுத்த சனிக்கிழமை வாசலை ஒட்டிய நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.